வேலிக்கு அப்பால் எறிந்தால் வினை தீருமா?

வீட்டில் வேண்டாத பொருள் ஒன்று இருக்கிறது. அதை நாம் என்ன செய்கிறோம்?

எடுத்து வேலிக்கு அப்பால் எறிகிறோம். கையைக் கழுவிக்கொள்கிறோம். "அப்பாடா, தொல்லை விட்டது!" என்று திண்ணையில் வந்து உட்காருகிறோம்.

தொல்லை உண்மையிலேயே விட்டதா? இல்லை. அது இடம் மாறி இருக்கிறது. அவ்வளவுதான்! இன்றைக்கு வேலிக்கு அப்பால் போனது, நாளைக்கு வயல் வழியாகத் திரும்பி வரும். கொசுவாக வரும். புகையாக வரும். சில சமயம் காய்ச்சலாகவும் வரும்.

வேண்டாததை வீட்டை விட்டு வெளியேற்றுவது பாதி வேலை. அது இன்னொரு வீட்டுக்கும் இன்னொரு வயலுக்கும் போகாதபடி ஒழிப்பதுதான் முழு வேலை. நம்மில் பெரும்பாலோர் பாதி வேலையைச் செய்துவிட்டு, முழு வேலையும் முடிந்ததாக நினைக்கிறோம்.

இது வெறும் உபதேசம் அல்ல. சேலம், நாமக்கல் சீமையில் நம் கண் முன்னால் நடந்த கதைகள் இதற்குச் சாட்சியாக இருக்கின்றன.

பப்பாளியில் வந்த படை

நம் பக்கத்தில் பல வீடுகளின் புழக்கடையில் ஒரு பப்பாளி மரம் நிற்கும். பாத்திரம் கழுவும் தண்ணீரிலேயே அது வளர்ந்துவிடும். குழந்தைகளுக்குப் பழம் கொடுக்கும்.

2008-ம் ஆண்டு கோயம்புத்தூரில் பப்பாளி மரங்களில் ஒரு புதிய பூச்சி காணப்பட்டது. அரிசி மாவைத் தூவினாற்போல வெள்ளை வெளேர் என்று இலையிலும் காயிலும் அப்பிக்கொண்டிருந்தது. அதன் பெயர் பப்பாளி மாவுப்பூச்சி. அதன் சொந்த ஊர் கடல் கடந்த மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதி.

இந்தப் பூச்சி செடியின் சாற்றை உறிஞ்சும். இலை சுருண்டு மஞ்சளாகும். பூச்சி விடும் இனிப்பான கழிவின்மீது கரும்பூசணம் படரும். அந்த இனிப்பைத் தின்ன எறும்புகள் வரும். வந்த எறும்புகள் சும்மா இருக்குமா? மாவுப்பூச்சியைத் தின்ன வரும் மற்றப் பூச்சிகளை விரட்டி அடிக்கும். காவலுக்கு ஆள் வைத்துக்கொண்டு திருடுகிற திருடன் மாதிரிதான்!

இரண்டே ஆண்டுகளில் ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல் என்று படை பரவியது. பப்பாளியோடு நிற்கவில்லை. பட்டுப்புழு தின்னும் மல்பெரிச் செடியில் ஏறியது. செம்பருத்தியில் ஏறியது. கடைசியில் நம் மரவள்ளியிலும் ஏறியது.

மரவள்ளியை நம் பக்கத்தில் குச்சிக் கிழங்கு என்பார்கள். ஆத்தூர், இராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் பக்கம் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுவது அதுதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வருவது நின்றது. அப்போது சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். 1981-ம் ஆண்டு சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் வீட்டுப் பாயசத்தில் மிதக்கும் ஜவ்வரிசிக்குப் பின்னால் இவ்வளவு பேருடைய பிழைப்பு இருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி. பட்டணத்துப் பப்பாளியில் வந்த பூச்சி பட்டிக்காட்டு மரவள்ளிக்கு எப்படிப் போயிற்று?

காற்று அதன் குஞ்சுகளைத் தூக்கிச் செல்கிறது. எறும்பு சுமந்து செல்கிறது. மனிதனும் சுமந்து செல்கிறான்! பூச்சி பிடித்த கிளையை வெட்டி வீதி ஓரம் போட்டால் பூச்சி செத்துவிடாது. கிளை காயக் காய, குஞ்சுகள் ஊர்ந்து இறங்கும். பக்கத்தில் செம்பருத்தி இருந்தால் அதில் ஏறும். காட்டாமணக்கு இருந்தால் அதில் ஏறும். ஒன்றும் இல்லை என்றால் வேலி ஓரம் முளைத்திருக்கும் பார்த்தீனியத்தில் குடியேறிக் காத்திருக்கும்.

வீட்டுக்காரர் வேலிக்கு அப்பால் எறிந்தார். வேலிக்கு அப்பால் இருந்தது ஒரு விவசாயியின் வயல்!

எள்ளினும் சிறிய வீரன்

இந்தப் பூச்சியின் உடம்பில் மெழுகுப் பூச்சு உண்டு. மழையில் நனையாமல் இருக்க நாம் கொங்காடை போட்டுக்கொள்வது போல, அது மெழுகைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. அதனால் மருந்து சுலபத்தில் உள்ளே இறங்காது. மருந்துக்குச் செத்தவை எல்லாம் நமக்கு நன்மை செய்யும் பூச்சிகள்தான்.

பிறகு என்ன செய்தார்கள்?

பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிலையத்தார், 2010-ம் ஆண்டு போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மிகச் சிறிய குளவிகளைக் கொண்டுவந்தார்கள். எள்ளை விடச் சிறியவை. நம்மைக் கொட்டமாட்டா. மாவுப்பூச்சியைத் தேடிப் பிடித்து அதன் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளேயே பிறந்து, பூச்சியைத் தின்று தீர்த்து, வெளியே வரும். இவற்றை ஒட்டுண்ணிக் குளவி என்கிறார்கள்.

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இவற்றைப் பெருக்கி, விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். ஓரிரு ஆண்டுகளில் பப்பாளி மாவுப்பூச்சியின் கொட்டம் அடங்கியது.

கதை முடிந்ததா? இல்லை. 2020-ம் ஆண்டு கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் இன்னொரு மாவுப்பூச்சி வந்தது. இதற்கு மரவள்ளியே பிரதான ஆகாரம். குருத்தைத் தாக்கும். நுனி இலைகள் சுருங்கி, முட்டைக்கோசு மாதிரி கொத்தாகிவிடும். இந்தப் பூச்சி சேலம், நாமக்கல் வயல்களுக்கும் வந்து சேர்ந்தது.

இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவைப் பஞ்சத்தின் வாசலுக்கே கொண்டுபோன பூச்சி. அங்கே கோடிக்கணக்கான ஏழைகளுக்கு மரவள்ளிதான் சோறு. ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானியின் தலைமையில் இதன் எதிரியைத் தேடினார்கள். 1981-ல் தென் அமெரிக்காவின் பராகுவே நாட்டில் ஒரு சின்னக் குளவி அகப்பட்டது. அது ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காப்பாற்றியது. 1995-ல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

அதே குளவி ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. 2022-ம் ஆண்டு மார்ச் மாதம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் அதைப் பறக்கவிட்டார்கள்.

விஞ்ஞானிகள் கண்டம் விட்டுக் கண்டம் போய் நமக்குக் காவலாளியைக் கொண்டுவருகிறார்கள். நாமோ பூச்சி பிடித்த கிளையைப் பத்து அடி தள்ளிப் போட்டுவிட்டுத் திரும்பி வருகிறோம்! இது நியாயமா?

வெள்ளைப் பூ வேடதாரி

வேலி ஓரப் பார்த்தீனியத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அதையும் கொஞ்சம் பார்ப்போம்.

கேரட் இலை போன்ற இலை. கல்கண்டுத் துணுக்கு போன்ற வெள்ளைப் பூ. பார்வைக்குச் சாது. 1955-ம் ஆண்டு வாக்கில் பூனா நகரத்தில் இது கண்ணில் பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமையோடு கலந்து வந்தது என்று பலரும் கருதுகிறார்கள். இன்று அது இல்லாத சாலை ஓரமே இல்லை.

ஒரு நல்ல செடி பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விதைகளைக் கொட்டும். தொட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். அதன் மகரந்தம் சிலருக்குத் தும்மலையும் இழுப்பையும் கொண்டுவரும். மாடு தின்றால் பால் கசக்கும்.

இதை நாம் எப்படி அகற்றுகிறோம்? பூத்துக் குலுங்கும் வரையில் கண்டுகொள்வதில்லை. பிறகு பண்டிகைக்கு நாலு நாள் முன்னால் அரிவாளால் வெட்டுகிறோம். இட்டேரியில் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். இட்டேரி என்பது இரு பக்கமும் வேலி உள்ள வண்டிப் பாதை. அந்த வழியில் ஆடு போகும், மாடு போகும், டிராக்டர் போகும். மழை பெய்தால் தண்ணீரும் போகும். அவ்வளவும் சேர்ந்து விதையை ஊர் முழுவதும் விதைத்துக் கொடுக்கும். கூலி இல்லாமல் நடக்கும் விதைப்பு!

வெட்டிய இடத்திலும் நிம்மதி இல்லை. வேரோடு பிடுங்காத கட்டை மீண்டும் தழைக்கும். மண்ணை மொட்டையாக விட்டால் பழைய விதைகள் எல்லாம் முளைக்கும். வெறும் மண்தான் பார்த்தீனியத்துக்குப் பட்டு மெத்தை.

மூலையில் கிடக்கும் டயர்

செடிக்கும் பூச்சிக்கும் மட்டுமா இந்தக் கதை? வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் இதே கதைதான்.

நாமக்கல் லாரிக்குப் பெயர் போன ஊர். திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகளுக்குப் பெயர் போன ஊர். இந்தச் சீமையில் பழைய டயருக்குப் பஞ்சம் உண்டா? வாசலில் ஒன்று, மொட்டை மாடியில் ஒன்று, கூரை பறக்காமல் இருக்க அதன்மேல் இரண்டு! வேண்டாம் என்றால் உருட்டிக்கொண்டுபோய் ஓடைக் கரையில் தள்ளிவிடுகிறோம்.

டயரின் வயிற்றில் மழைத் தண்ணீர் தேங்கும். அதில் டெங்குக் கொசு முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். தண்ணீர் வற்றினாலும் முட்டை சாகாது. உலர்ந்த நிலையிலேயே மாதக் கணக்கில் காத்திருக்கும். அடுத்த மழைக்கு உயிர் பெற்று எழும்.

இந்தக் கொசு நெடுந்தூரம் பறப்பதில்லை. பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து 100, 200 மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கும். இதன் பொருள் என்ன? உங்கள் குழந்தையைக் கடிக்கும் டெங்குக் கொசு அயலூரிலிருந்து வரவில்லை. உங்கள் வீட்டு டயரிலோ, பக்கத்து வீட்டுத் தேங்காய்த் தொட்டியிலோதான் பிறந்திருக்கிறது.

2017-ம் ஆண்டு தமிழ்நாட்டில் டெங்கு கடுமையாகப் பரவியது. 23,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் காய்ச்சல் உறுதியானது. 65 பேர் இறந்தார்கள் என்பது அரசாங்கக் கணக்கு. சேலம் மாவட்டமும் அந்த ஆண்டு பட்ட பாடு கொஞ்சம் அல்ல.

எறிந்த டயர் எவ்வளவு தூரம் போகும் தெரியுமா? 1985-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் ஆசியாவைச் சேர்ந்த புலிக் கொசு காணப்பட்டது. கப்பலில் போன பழைய டயர்களுக்குள் அது முட்டையாகப் போயிருந்தது. கடலே ஒரு வேலி இல்லை என்றால், நம் வீட்டு முள்வேலி எம்மாத்திரம்!

கொளுத்தினால் போயிற்றா?

"சரி ஐயா, எறியவில்லை. போகி அன்று கொளுத்திவிடுகிறோம்" என்பார்கள் சிலர்.

போகி நல்ல பண்டிகை. ஆண்டுக்கு ஒரு முறை பரணில் இருப்பதை எல்லாம் இறக்கிப் பார்க்க வைக்கும் பண்டிகை. அந்தக் காலத்தில் எரித்தது கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், மக்கிய ஓலை. இன்று எரிப்பது டயர், பிளாஸ்டிக் குடம், பழைய மின்கம்பி. இவற்றின் புகை நஞ்சு. அது எரித்தவன் மூக்கிலும் ஏறும், எரிக்காதவன் மூக்கிலும் ஏறும். தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குப் புகை, பனி என்று பிரித்துப் பார்த்து மூச்சு விடத் தெரியுமா?

2018-ம் ஆண்டு போகிக் காலையில் பனியோடு புகை சேர்ந்து, சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் நேரத்துக்கு இறங்க முடியாமல் போயிற்று. குப்பை சாம்பலானது உண்மை. ஆனால் தொல்லை வேலியைத் தாண்டியதும் உண்மை. இந்த முறை அது காற்றில் ஏறிப் போயிற்று.

வீட்டில் என்ன செய்யலாம்?

பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். கொஞ்சம் முறை வேண்டும்.

மாவுப்பூச்சி தென்பட்டால் முதல் நாளே அந்த இலையைக் கிள்ளுங்கள். கிள்ளியதைக் குழி தோண்டிப் புதையுங்கள். மரத்தின் மற்ற பாகத்தைத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து தெளிக்கலாம். கடுமையான விஷ மருந்துக்கு ஓடாதீர்கள். காவலுக்கு வந்த குளவியையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

மரவள்ளி விவசாயிகள் பூச்சி பிடித்த வயலிலிருந்து நடவுக் குச்சி வாங்க வேண்டாம். "சும்மா தருகிறேன்" என்றாலும் வேண்டாம். சும்மா வருவது குச்சி மட்டும் அல்ல!

பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்னால் பிடுங்குங்கள். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு வரும். கையில் உறையோ, ஒரு பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள்ளுங்கள். பூக்காத செடியை எருக்குழியில் போடலாம். பூத்துவிட்டால் உதறாமல் சாக்கில் கட்டி, ஆழமாகப் புதையுங்கள். பிடுங்கிய இடத்தைச் சும்மா விடாதீர்கள். ஆவாரை, துத்தி, தகரை போன்ற நம் மண்ணின் செடிகள் அடர்த்தியாக இருந்தால் பார்த்தீனியம் தலை எடுக்காது.

முளைத்ததை எல்லாம் களை என்று வெட்டவும் வேண்டாம். தும்பையும் கீழாநெல்லியும் குப்பைமேனியும் நம் பாட்டிமாரின் மருந்துப் பெட்டி. எது வேண்டாதது என்று தெரிந்துகொள்வதுதான் ஒழிப்பதற்கு முதல் படி.

வாரம் ஒரு நாள் வீட்டைச் சுற்றி ஒரு நடை போங்கள். தண்ணீர் நிற்கும் தொட்டி, சிரட்டை, பூச்சட்டித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டயரைப் பழைய டயர் வாங்குபவருக்குக் கொடுங்கள். செங்கல், விறகு, ஓடு இவற்றைச் சுவரை ஒட்டி நெடுநாள் குவித்து வைக்காதீர்கள். தேளும் பாம்பும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும்.

பழைய சாமான்களை மூன்றாகப் பிரியுங்கள். பிறருக்கு உதவுவது ஒன்று, கொடுத்துவிடுங்கள். காயலான் கடைக்குப் போவது ஒன்று, போட்டுவிடுங்கள். மக்கிப்போவது ஒன்று, எருவாக்குங்கள். இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சுவது ஒரு சிறு பைதான். அதை ஊராட்சியின் குப்பை வண்டியில் சேருங்கள்.

யார் செய்வது?

"இதெல்லாம் பெண்கள் வேலை" என்று ஆண்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். இது சரியல்ல. டயரை வீட்டுக்குக் கொண்டுவந்தது யார்? "என்றைக்காவது உதவும்" என்று உடைந்த மோட்டாரைப் பரணில் ஏற்றியது யார்? கொண்டுவந்தவரே கொண்டுபோகட்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குப் பார்த்தீனியத்தை அடையாளம் காட்டுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை படிக்காத பெரியவருக்கு இதைப் படித்துக் காட்டட்டும்.

மக்களுக்கு மட்டும் புத்தி சொன்னால் போதாது. குப்பை வண்டியே வராத குக்கிராமத்துக் குடும்பம், குப்பையை எங்கே கொண்டுபோய்ப் போடும்? ஊராட்சியும் நகராட்சியும் ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்காலத்துக்கு முன்னால் ஒன்றும் போகிக்கு முன்னால் ஒன்றுமாக, டயரையும் பெரிய சாமான்களையும் வீடு வீடாக வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். தேதியை ஒலிபெருக்கியில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தூய்மைக் காவலர்களுக்கு நல்ல கையுறை கொடுக்க வேண்டும். புறம்போக்கில் வளரும் பார்த்தீனியம் யாருடையது? ஊருடையது. ஊர்தான் பிடுங்க வேண்டும்.

ஒரு வீடு மட்டும் சுத்தமாக இருந்து பயன் இல்லை. ஒரு தெரு முழுவதும் ஒரே நாளில் இறங்கினால், பூச்சிக்கு ஓட இடம் இருக்காது. கொசுவுக்கு ஒதுங்க நிழல் இருக்காது.

நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் பொங்கலுக்குக் காப்புக் கட்டுவது வழக்கம். ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை சேர்த்துக் கட்டுவோம். அதை எங்கெங்கே கட்டுகிறோம்? வீட்டு இறவாணத்தில் மட்டுமா? மாட்டுத் தொழுவத்தில் கட்டுகிறோம். கிணற்றடியில் கட்டுகிறோம். வயலிலும் கட்டுகிறோம்.

வீடு, தொழுவம், கிணறு, வயல் நான்குக்கும் சேர்த்துத்தான் நம் முன்னோர்கள் காப்புக் கட்டினார்கள். ஒன்றுக்குக் கேடு வந்தால் மற்றதற்கும் வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நாமும் அடுத்த முறை எதையாவது தூக்கி எறியக் கையை ஓங்கும்போது, வேலிக்கு அப்பால் இருப்பது யார் என்று ஒரு கணம் எட்டிப் பார்ப்போம். அங்கேயும் ஒரு வீடு இருக்கும். அந்த வீட்டிலும் ஒரு குழந்தை இருக்கும்.